செல்ஃப் எடுக்குதா?

நாமக்கல்லில் லாரி நின்றுபோனால், மெக்கானிக் ஸ்பேனரைக் கையில் எடுக்கும் முன் ஒன்று கேட்பார்: "செல்ஃப் எடுக்குதா, எடுக்கலையா?" சாவியைத் திருகியும் சத்தமே இல்லையென்றால் பேட்டரி, கேபிள், செல்ஃப் மோட்டார் என்று ஒரு வழியில் தேட வேண்டும். கிர்ரென்று சுற்றியும் இன்ஜின் பிடிக்கவில்லையென்றால் டீசல், ஏர்லாக், பம்ப் என்று தேடல் வேறு பக்கம் போகும். டிரைவர் இரண்டுக்கும் ஒரே வாக்கியம்தான் சொல்வார்: "வண்டி ஸ்டார்ட் ஆகலைங்க."

கம்ப்யூட்டருக்குள் ஓடும் கம்ப்யூட்டருக்கும் இதே கேள்வி பொருந்தும் என்று எனக்குப் புரிந்தது, மலைக்கோட்டை தெரியும் ஒரு சந்தில், கல்யாணப் பத்திரிகை அடிக்கும் சின்ன அச்சகத்தில்தான். பொங்கலுக்கு நாலு நாள் கடையைப் பூட்டி, மெயின் சுவிட்சையும் அணைத்துவிட்டுப் போயிருக்கிறார் உரிமையாளர். திறந்த அன்று காலையிலேயே போன். "தம்பி, உள்ள இருக்கற எக்ஸ்பி எந்திரிக்கவே மாட்டேங்குதுங்க. தை முகூர்த்தம், எட்டுப் பத்திரிகை நிக்குது."

'உள்ளே இருக்கிற எக்ஸ்பி' என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். அவர் மேசையில் இருப்பது விண்டோஸ் 10 ஓடும் ஒரே ஒரு கம்ப்யூட்டர். அதற்குள் விர்ச்சுவல்பாக்ஸ் என்ற மென்பொருள், இல்லாத இன்னொரு கம்ப்யூட்டரை இருப்பதாக நடித்துக் காட்டுகிறது. அந்தப் பொய்க் கம்ப்யூட்டருக்கு மெமரி உண்டு, ஹார்ட் டிஸ்க் உண்டு, திரை உண்டு. ஹார்ட் டிஸ்க் என்பது உண்மையில் வெளிக் கணினியில் கிடக்கும் ஒரு பெரிய ஃபைல். அதைப் பென் டிரைவில் போட்டு எடுத்துப் போகலாம். உள்ளே நிறுவிய விண்டோஸ் எக்ஸ்பிக்கு இது எதுவும் தெரியாது, நிஜ இயந்திரத்தில் ஓடுவதாகவே நினைத்துக்கொண்டிருக்கும். மெய்நிகர் இயந்திரம் என்று புத்தகங்கள் சொல்வது இதைத்தான். தொழிலில் இருப்பவர்கள் வி.எம். என்பார்கள்.

2014 ஏப்ரலில் ஆதரவு நிறுத்தப்பட்ட எக்ஸ்பியை ஏன் இப்படித் தொட்டில் கட்டி வளர்க்க வேண்டும்? தமிழால்தான். யூனிகோடு பரவும் முன், ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் எழுத்தை உட்கார வைத்த ஃபான்ட்கள்தான் நம் அச்சகங்களை நடத்தின. ஆளுக்கொரு வரிசை. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டி டாம், டாப் என்று இரண்டு குறியீடுகள் தரப்படுத்தப்பட்டன; 2010-ல் தமிழக அரசு யூனிகோடை ஏற்றது. அதற்குள் இவர் கையில் ஆயிரக்கணக்கான பத்திரிகை மாதிரிகள் பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் சேர்ந்துவிட்டன. கூட்டத்தின் பெயர், குலதெய்வக் கோயில், தாய்மாமன் வரிசை எல்லாம் பார்த்துப் பார்த்து அடுக்கியவை. புதிய மென்பொருளில் திறந்தால் மாப்பிள்ளை பெயர் இருக்கும் இடத்தில் ஆங்கில எழுத்தும் ஆச்சரியக்குறியுமாகத் தெரியும். எனக்கு இதில் கோபம்கூட உண்டு, ஆனால் முகூர்த்த நேரத்தில் அதைப் பேச முடியாது.

போனதும் ஸ்டார்ட் பொத்தானை அழுத்தச் சொன்னேன். உள் கணினியின் திரையே விரியவில்லை. அதற்கு முன்பே வெளிக் கணினி ஒரு பெட்டியில் நீளமாக ஏதோ ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு நின்றது. அதாவது செல்ஃபே எடுக்கவில்லை. எக்ஸ்பியின் மேல் குற்றமில்லை, அது இன்னும் மேடைக்கே வரவில்லை.

அந்த நீளமான பிழைக் குறியைப் பார்த்துப் பலர் மிரண்டு 'ஓகே' அமுக்கிவிடுகிறார்கள். முழுக்கப் புரிய வேண்டியதில்லை, கடைசிச் சொல்லைப் படித்தால் போதும். இங்கே நடுவில் 'விஎம்எக்ஸ்', கடைசியில் 'டிசேபிள்டு'. பிராசசருக்குள் இருக்கும் ஒரு வசதியை யாரோ அணைத்திருக்கிறார்கள்.

அந்த வசதிக்கு ஒரு கதை உண்டு. ஐபிஎம் 1960களிலேயே பெருங்கணினிகளில் மெய்நிகர் இயந்திரம் செய்துவிட்டது. 1972-ல் விஎம்/370 என்ற பெயரில் வெளியிடவும் செய்தது. மேசைக் கணினியின் இன்டெல் பிராசசரில் மட்டும் அது சுலபத்தில் நடக்கவில்லை. உள்ளே ஓடும் இயங்குதளம் தன்னை முதலாளி என்று நினைத்து, முதலாளி மட்டுமே போடக்கூடிய உத்தரவுகளைப் போடும். ஒவ்வொரு முறையும் பிராசசர் அதைத் தடுத்து, மேலே இருக்கும் மேற்பார்வை மென்பொருளுக்குத் தகவல் சொல்ல வேண்டும். போபெக், கோல்ட்பெர்க் என்ற இரு ஆய்வாளர்கள் 1974-லேயே இந்த விதியை எழுதி வைத்தார்கள். பழைய பென்டியத்திலோ 17 உத்தரவுகள் இந்த விதிக்கு அடங்கவில்லை. 'பாப்எஃப்' என்பது அதில் ஒன்று. அதிகாரமில்லாதவர் அதை வைத்துக் குறுக்கீடுகளை நிறுத்தச் சொன்னால், பிராசசர் நிறுத்தாது, மறுத்தும் பேசாது. பெர்மிட் இல்லாத லோடைச் செக்போஸ்ட்டில் மடக்கினால்தானே அதிகாரிக்குத் தெரியும்? இங்கே மடக்கவும் இல்லை, லோடு போய்ச் சேரவும் இல்லை.

1999-ல் விஎம்வேர் இதை மென்பொருள் சாமர்த்தியத்தால் சமாளித்தது: ஆபத்தான உத்தரவுகளை ஓடும்போதே மாற்றி எழுதிவிடும். பிறகு 2005-ல் இன்டெல்லும் அடுத்த ஆண்டு ஏஎம்டியும் பிராசசருக்குள்ளேயே இதற்கு வழி செய்தன. விடி-எக்ஸ் (பிழைக் குறியில் வந்த விஎம்எக்ஸ் இதுதான்), ஏஎம்டி-வி என்பவை அவைதான். விர்ச்சுவல்பாக்ஸின் பழைய பதிப்புகள் 32 பிட் எக்ஸ்பியை அந்த வசதி இல்லாமலும் ஓட்டின. 2019 டிசம்பரில் வந்த 6.1 பதிப்போடு அந்தச் சலுகை முடிந்தது.

சரி, பொங்கலுக்கு முன் ஓடியது, யார் அணைத்தார்கள்? "நான் ஒண்ணும் தொடலைங்க தம்பி" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "காலைல கருப்புத் திரையில எஃப்1 அமுக்குன்னு கேட்டுச்சு, அமுக்கிவிட்டேன். வாட்ஸ்அப்பும் திறக்க மாட்டேங்குது" என்றார். திரையின் மூலையில் தேதியைப் பார்த்தேன். பல வருடம் பின்னால் போயிருந்தது.

மதர்போர்டில் ரூபாய் நாணயம் போல ஒரு பேட்டரி இருக்கும், சிஆர் 2032. மின்சாரம் இல்லாதபோது கடிகாரத்தையும், பயாஸ் என்ற தொடக்க மென்பொருளின் அமைப்புகளையும் காப்பாற்றுவது அது. பிளக்கில் மின்சாரம் இருக்கும்வரை அது செத்திருப்பதே தெரியாது. நாலு நாள் மெயின் அணைந்ததும் எல்லாம் மறந்து, போர்டு பிறந்த அன்று இருந்த நிலைக்குப் போய்விட்டது. பிறந்த அன்று அந்த போர்டில் விடி-எக்ஸ் அணைந்தே இருந்தது. தேதி தப்பானதால் இணையதளச் சான்றிதழ்கள் செல்லாமல் போய், வாட்ஸ்அப் வெப்பும் படுத்துவிட்டது. மூன்று நோய்க்கும் ஒரே வேர்.

பேட்டரி மாற்றி, பயாஸில் நுழைந்து, 'விர்ச்சுவலைசேஷன் டெக்னாலஜி' என்ற வரியை ஆன் செய்தேன். ஏஎம்டி போர்டில் அது 'எஸ்விஎம்' என்றிருக்கும். தேதியைச் சரிசெய்து சேமித்துவிட்டு எழுப்பினால் எக்ஸ்பியின் பச்சை மலை வந்தது.

செல்ஃப் எடுத்தும் இன்ஜின் பிடிக்காத கேஸ் வேறு. உள் திரை விரிந்து, 'பூட் செய்ய எதுவும் இல்லை' என்று நின்றால், டிஸ்க் ஃபைல் கழன்றிருக்கிறது அல்லது இடம் மாறியிருக்கிறது. எக்ஸ்பி நீலத் திரையில் 7பி என்று முடியும் எண்ணைக் காட்டினால், யாரோ ஐடிஈ என்றிருந்த டிஸ்க் இணைப்பை சாட்டாவாக மாற்றியிருப்பார்கள். எக்ஸ்பிக்கு அதற்கான டிரைவர் கிடையாது. எழுந்தாலும் நகராமல், ஓரத்தில் பச்சை ஆமை ஒன்று உட்கார்ந்திருந்தால், விண்டோஸின் சொந்த வி.எம். மென்பொருளான ஹைப்பர்-வி பிராசசரின் அந்த வசதியை ஏற்கெனவே பிடித்து வைத்திருக்கிறது என்று அர்த்தம். ஆமை நிஜமாகவே உண்டு, நிரலாளர்களின் குறும்பு. எந்தக் கேஸானாலும் கைவைக்கும் முன் அந்தப் பெரிய டிஸ்க் ஃபைலை ஒரு நகல் எடுத்துவிடுங்கள். இடம் போதவில்லை என்று ஸ்னாப்ஷாட் ஃபோல்டரில் இருப்பதை மட்டும் அழித்துவிடாதீர்கள். உள் டிஸ்க்கின் பாதி அங்கேதான் இருக்கும்.

நான் கிளம்பும்போது அச்சகக்காரர் மார்க்கர் பேனாவை எடுத்து, சிபியூ பெட்டியின் பக்கவாட்டில் பேட்டரி போட்ட தேதியைக் கொட்டை எழுத்தில் எழுதிக்கொண்டிருந்தார், லாரிக் கதவில் எஃப்.சி. தேதி எழுதுவார்களே, அதே மாதிரி.