வண்டியைத் தாழ்த்தலாமா? ஸ்பிரிங்கில் கை வைக்கும் முன் ஒரு கணக்கு

கிளிஞ்சல்மேடு போன்ற கடலோர ஊரில் வணிகம் செய்பவருக்குக் கடை எவ்வளவு முக்கியமோ, வண்டியும் அவ்வளவு முக்கியம். விடியற்காலையில் மீன் பெட்டி ஏற்றும் சிறிய லோடு வண்டி, காரைக்கால் மொத்தக் கடைகளிலிருந்து சரக்கு கொண்டுவரும் வேன், குடும்பத்தோடு திருநள்ளாறுக்கும் நாகூருக்கும் போய்வர ஒரு கார் என்று வண்டி இல்லாத வணிகர் வீடு இன்று குறைவு.

இந்த வண்டிகளின் ஸ்பிரிங்கை மாற்றும் ஆசை இரண்டு வகையாக வருகிறது. வீட்டுப் பிள்ளைகள் கார் தரையோடு தரையாக இருந்தால்தான் அழகு என்று குட்டை ஸ்பிரிங் வாங்கி, வாசலிலேயே ஜாக்கி போட்டு மாற்றப் பார்க்கிறார்கள். வணிகர்களோ லோடு வண்டி அமுங்குகிறது என்று கூடுதல் பட்டை சேர்க்கச் சொல்கிறார்கள். ஒருவர் தாழ்த்துகிறார், மற்றவர் உயர்த்துகிறார். இரண்டிலும் கைவைப்பது ஒரே இடத்தில்தான். ஆகவே வணிகப் பெருமக்கள் இதைச் சற்று விவரமாகத் தெரிந்துகொள்வது நல்லது.

ஸ்பிரிங் செய்யும் வேலை

கார்களின் முன் சக்கரத்தில் பெரும்பாலும் இருப்பது சுருள் ஸ்பிரிங். அதன் நடுவே ஷாக் அப்சார்பர் நிற்கும். மெக்ஃபர்சன் என்ற அமெரிக்கப் பொறியாளர் வகுத்த இந்த அமைப்பு 1950ல் ஃபோர்டு கார்களில் வந்தது; இன்று உலகெங்கும் சிறிய கார்களுக்கு இதுவே வழக்கம். லோடு வண்டிகளில் பின்புறம் அடுக்கடுக்காகப் பட்டை ஸ்பிரிங் இருக்கும். அம்பாசிடர் காரிலும் மாருதி ஆம்னியிலும்கூடப் பின்னால் பட்டைதான்.

ஸ்பிரிங்கின் விறைப்பு என்பது தராசுப் படிக்கல் போல அளந்து வைத்த ஒன்று. வண்டியின் எடை, ஏற்றக்கூடிய பாரம், டயர், பிரேக், ஷாக் அப்சார்பர் எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்கிட்டே தயாரிப்பாளர் அதைத் தீர்மானிக்கிறார். அதில் ஒன்றை மட்டும் மாற்றினால் கணக்கு முழுவதும் மாறிவிடும்.

தாழ்த்துவதில் நன்மை உண்டா?

உண்டு. வண்டி தாழ்ந்தால் எடையின் மையம் கீழே இறங்கும். வளைவில் சாய்வு குறையும். அதனால்தான் பந்தயக் கார்களைத் தாழ்வாகக் கட்டுகிறார்கள். தமிழ்நாட்டிற்கும் இது புதிதல்ல. முன்பு சோழவரத்துப் பழைய விமான ஓடுதளத்தில் பந்தயங்கள் நடந்தன. பின்னர் இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பந்தயத் தளமே அமைந்தது. கோவை எஸ். கரிவரதன் மாருதி 800 எஞ்சினை வைத்துப் பந்தயக் கார் கட்டியவர். ஆனால் அந்தத் தளத்தில் வேகத்தடையும் இல்லை, பள்ளமும் இல்லை, காரில் ஏறுவது ஓட்டுநர் ஒருவர் மட்டுமே.

நம் சாலைக்கு வருவோம். இந்தியச் சாலைக் கழகத்தின் விதிப்படி வேகத்தடை 10 சென்டிமீட்டர் உயரமும் 3.7 மீட்டர் அகலமும் இருக்க வேண்டும். தெருக்களில் நாம் காண்பவற்றில் பல இதைவிடக் குறுகலும் செங்குத்துமானவை. காலியாக நிற்கும் ஒரு காருக்கும் தரைக்கும் இடைவெளி 17 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். குட்டை ஸ்பிரிங் போட்டு 4 சென்டிமீட்டர் தாழ்த்தினால் மீதி 13. ஐந்து பேர் ஏறி டிக்கியில் சாமானும் வைத்து இன்னும் 4 சென்டிமீட்டர் அமுங்கினால் மீதி 9. பத்து சென்டிமீட்டர் மேட்டை ஒன்பது சென்டிமீட்டர் இடைவெளியால் தாண்ட முடியுமா? முதலில் அடிபடுவது ஆயில் சம்ப்பும் சைலன்சரும். மழைக்காலத்தில் தெருவில் தண்ணீர் நின்றால் சொல்லவே வேண்டாம்.

முன்பக்கம் மட்டும் தாழ்ந்தால் ஹெட்லைட் குறி மாறும். சக்கரத்தின் சாய்வு மாறி டயர் ஒரு பக்கமாகத் தேயும். பழைய ஷாக் அப்சார்பர் தனக்குரிய நீளம் ஓட முடியாமல் சீக்கிரம் ஒழுகும்.

இதைவிட ஆபத்தானது பிரேக். சில வேன்களிலும் லோடு வண்டிகளிலும் பின்புறம் எவ்வளவு அமுங்கியிருக்கிறது என்பதைப் பார்த்துப் பின் பிரேக்கின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வால்வு ஒன்று இருக்கிறது. பின்புறத்தைத் தாழ்த்தினால் அந்த வால்வு வண்டியில் பாரம் இருப்பதாக எண்ணிக்கொள்ளும். காலி வண்டியில் திடீரென்று பிரேக் அடித்தால் பின் சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி திரும்பிவிடும். பட்டை சேர்த்து உயர்த்தினால் நேர்மாறு: பாரம் இருக்கும், பின் பிரேக் போதாது.

ஸ்பிரிங்கை வெட்டுவது

புது ஸ்பிரிங் விலை அதிகம் என்று சிலர் பழைய சுருளிலேயே ஒரு சுற்றை வெட்டிவிடுகிறார்கள். ஆறு சுற்றில் ஒன்றை வெட்டினால் விறைப்பு ஐந்தில் ஒரு பங்கு கூடும், குலுக்கல் அதிகமாகும். வெட்டிய முனை அதற்கான இருக்கையில் சரியாக அமராது. சக்கரம் பள்ளத்தில் தொங்கும்போது ஸ்பிரிங் இடம் விலகக்கூடும். கேஸ் வைத்துச் சூடாக்கி உட்கார வைப்பது இன்னும் மோசம். எஃகுக்குக் கொடுத்த பதம் போய்விடும். பிறகு அது ஸ்பிரிங் அல்ல, வெறும் கம்பி.

வாசலில் வைத்து மாற்றலாமா?

முன் சக்கரத்துச் சுருளை மாற்றும் வேலையை வரிசையாகப் பார்ப்போம். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, மற்ற சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை வைத்து, வீல் நட்டுகளைத் தளர்த்தி, ஜாக்கியில் தூக்கி, உடனே இரும்பு ஸ்டாண்டில் இறக்க வேண்டும். மணல் தரையில் ஜாக்கி புதையும். வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் போவது உயிரோடு விளையாடுவது. பிறகு பிரேக் ஹோஸை விடுவித்து, கீழே உள்ள போல்ட்டுகளையும் மேலே உள்ள நட்டுகளையும் கழற்றினால் ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாக வெளியே வரும்.

அடுத்ததுதான் கண்டம். சுருள் அமுக்கிய நிலையிலேயே அங்கே பூட்டப்பட்டிருக்கிறது. உச்சியிலுள்ள ஒரே ஒரு நட்டுதான் அதைப் பிடித்து வைத்திருக்கிறது. அந்த நட்டைத் தொடுவதற்கு முன் அமுக்கும் கருவியை எதிரெதிராக இரண்டு பக்கமும் மாட்டி, மாறி மாறிச் சிறிது சிறிதாக முறுக்கி, ஸ்பிரிங் இருக்கையில் தளர்ந்து ஆடும் வரை அமுக்க வேண்டும்.

ஒரு கணக்குப் போடுங்கள். ஒரு மில்லிமீட்டர் அமுக்க 2 கிலோ தேவைப்படும் ஸ்பிரிங்கை 150 மில்லிமீட்டர் அமுக்கினால் அதில் 300 கிலோ விசை நிற்கும். அதில் அடங்கியிருக்கும் சக்தி, 25 கிலோ அரிசி மூட்டை மூன்றடி உயரத்திலிருந்து விழும் சக்திக்குச் சமம். கொக்கி நழுவினால் அத்தனையும் ஒரு நொடிக்குள் முகத்துக்கு நேரே வரும். கயிறு கட்டியும், கம்பியால் சுற்றியும், இரண்டு பேர் மேலே ஏறி மிதித்தும் இந்த வேலையைச் செய்யக் கூடாது. முறையான கருவியும் பழகிய கையும் உள்ள பட்டறையில் கொடுக்கும் கூலி, ஆஸ்பத்திரிச் செலவோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை.

பட்டை சேர்ப்பது லாபமா?

ஒரே அளவிலான ஐந்து பட்டைக்கு ஆறாவதாக ஒன்று சேர்த்தால் விறைப்பு ஏறக்குறைய 20 விழுக்காடு கூடும். வண்டி அமுங்காது. ஆனால் அச்சு, பேரிங், பிரேக், டயர், சேஸிஸ் ஆகியவை முன்பு இருந்தபடியே இருக்கின்றன. அமுங்கும் வண்டி "இதற்கு மேல் வேண்டாம்" என்று நமக்குச் சொல்கிறது. பட்டை சேர்ப்பது அதன் வாயைக் கட்டுவதுதான். மயிலிறகே ஆனாலும் அளவு மிஞ்சினால் அச்சு முறியும் என்று வள்ளுவர் எச்சரித்தது வணிகருக்கும் பொருந்தும்.

உப்பின் கணக்கு

நம் கடலோரத்துக்கே உரிய தொல்லை துரு. கடற்காற்று போதாதென்று, மீன் பெட்டியிலிருந்து ஐஸ் உருகி வடியும் உப்புநீர் பின்பட்டை மீதே சொட்டுகிறது. சுருளின் விறைப்பு கம்பியின் குறுக்களவின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. அதாவது துருவினால் கம்பி பத்தில் ஒரு பங்கு மெலிந்தால் விறைப்பு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். துருவின் குழியிலிருந்துதான் விரிசலும் தொடங்கும். எனவே நம் ஊரில் வண்டி அமுங்கினால் முதலில் பார்க்க வேண்டியது பட்டை சேர்ப்பதை அல்ல, இருக்கும் ஸ்பிரிங் நன்றாக இருக்கிறதா என்பதை.

சட்டம் என்ன சொல்கிறது?

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றியமைப்பதைக் கட்டுப்படுத்துகிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். அதிகப் பாரத்துக்கு 20,000 ரூபாயும், மிகுதியான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம் என்று அதே சட்டம் கூறுகிறது. ஜெர்மனியில் குட்டை ஸ்பிரிங் விற்பனைக்குத் தடையில்லை. ஆனால் அந்த மாடலுக்குப் பொருந்தும் என்ற சான்று இல்லாமல் சாலையில் ஓட்ட முடியாது. இங்கே எந்த மாற்றமானாலும் முதலில் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டு, காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவிப்பதே பாதுகாப்பு. விபத்துக்குப் பின் நஷ்டஈடு கேட்கும்போது சர்வேயர் வண்டியின் அடியையும் பார்ப்பார்.

வீட்டில் செய்யத் தக்கவை

1. காலி வண்டியைச் சமதரையில் நிறுத்தி, சக்கர நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை நான்கு பக்கமும் அளந்து எழுதி வையுங்கள். முன் இரண்டும் தம்முள் ஒத்திருக்க வேண்டும். பின் இரண்டும் அப்படியே. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒப்பிட்டால், தளர்ந்த ஸ்பிரிங் தானே தெரிந்துவிடும்.
2. மீன் ஏற்றிய வண்டியின் அடிப்பாகத்தை அன்றன்றே நல்ல தண்ணீரில் கழுவுங்கள். உருகும் நீர் பட்டைமேல் விழாமல் குழாய் வைத்து வெளியே விடுங்கள்.
3. பட்டையில் விரிசல், யூ போல்ட் தளர்வு, சென்டர் போல்ட் முறிவு ஆகியவற்றை டார்ச் வைத்துப் பாருங்கள்.
4. மாற்ற நேர்ந்தால் தயாரிப்பாளர் அளவிலேயே, இடமும் வலமும் சேர்த்து ஜோடியாக மாற்றுங்கள். பிறகு வீல் அலைன்மென்ட் பார்க்கத் தவறாதீர்கள்.
5. ஆர்.சி. புத்தகத்தில் உள்ள மொத்த எடையை ஓட்டுநர் கண்ணில் படும்படி வண்டிக்குள் எழுதி ஒட்டுங்கள்.

பிள்ளைகளின் ஆசையை வெறுமனே தடுத்தால் அவர்கள் நமக்குத் தெரியாமல் செய்வார்கள். மேலே உள்ள கணக்கை அவர்களோடு உட்கார்ந்து போட்டுப் பாருங்கள், அவர்களுக்கே புரியும். கடையில் தராசின் படிக்கல்லைத் தேய்க்க எந்த நல்ல வணிகரும் சம்மதிக்க மாட்டார். வண்டியின் ஸ்பிரிங்கும் அப்படிப்பட்ட ஒரு படிக்கல்தான்.