கையொப்பமே காசு: அமெரிக்க எல்லைப்புறத்தில் கடனும் புரோநோட்டும்

அமெரிக்க எல்லைப்புற வாழ்க்கை என்றதும் குதிரையும் துப்பாக்கியும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. திரைப்படங்கள் கற்றுத்தந்த பாடம் அது. அக்காலத்து வழக்குகளைப் பற்றி வாசிக்கத் தொடங்கியபோது என் கண்ணில் மீண்டும் மீண்டும் பட்டதோ ஒரு துண்டுக் காகிதம். நம் பெரியவர்கள் 'புரோநோட்டு' என்று அழைக்கும் கடனுறுதிச் சீட்டுதான் அது.

எல்லைப்புறம் என்பது வெள்ளையர் குடியேற்றம் மேற்கு நோக்கி நகர்ந்துகொண்டிருந்த பகுதியாகும். பூர்வகுடி மக்களிடமிருந்து பறிக்கப்பட்ட நிலம் அங்கே கூறுபோட்டு விற்கப்பட்டது. 1820ஆம் ஆண்டுச் சட்டத்திற்கு முன் அரசு நிலத்தைத் தவணை முறையில் வாங்க முடிந்தது. அச்சட்டம் தவணையை ஒழித்தது; ஏக்கருக்குக் குறைந்தது 1.25 டாலர், அதுவும் ரொக்கமாக. ஒருவர் குறைந்தது 80 ஏக்கர் வாங்க வேண்டும் என்பதால், கையில் 100 டாலர் இருந்தால்தான் நிலம் கிட்டும். அதனால் குடியானவர் கையில் அகப்பட்ட வெள்ளிக்காசு நில அலுவலகத்திற்கே போயிற்று. மிஞ்சியது துணிமணிக்கும் இரும்புச் சாமானுக்கும் விலையாகக் கிழக்கு நகர வணிகர்களிடம் சென்றது. உப்பு, காப்பித்தூள், கலப்பைக் கொழு என மற்றவை எல்லாம் கடன்தான்.

சிறு கடன்கள் கடைக்காரரின் கணக்கு ஏட்டில் ஏறின. நம் ஊர் மளிகைக் கடைகளின் 555 புத்தகத்தைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கடன் பெருகினாலோ, கடை, குதிரை, நிலம் போன்றவை கைமாறினாலோ சீட்டு எழுதினர். இன்ன தேதிக்குள், பெற்றுக்கொண்ட மதிப்பிற்காக, இன்னாருக்கு அல்லது அவர் கட்டளையிடுபவருக்கு இவ்வளவு தருகிறேன் என்று ஒரே வாக்கியம், கீழே கையொப்பம். பணத்திற்குப் பதிலாகத் தானியமோ மாடோ தருவதாக எழுதியதும் உண்டு.

'அவர் கட்டளையிடுபவருக்கு' என்னும் சொற்களில்தான் இதன் சூட்சுமம் இருக்கிறது. சீட்டை வைத்திருப்பவர் அதன் பின்புறம் கையெழுத்திட்டு வேறொருவருக்குக் கொடுத்துவிடலாம். காசில்லாத ஊரில் இப்படிச் சீட்டே காசாகப் புழங்கியது. தவணை வரும்வரை பொறுக்க முடியாதவர் அதைக் குறைந்த விலைக்கு விற்றார். அவ்வாறு வாங்கிச் சேர்ப்பதையே தொழிலாகக் கொண்டவர்களும் இருந்தனர். அண்டை வீட்டுக்காரரின் முகத்தை நம்பிக் கையெழுத்திட்டவர், பிறகு முன்பின் அறியாத ஒருவருக்குப் பதில் சொல்ல வேண்டிவரும். அந்தப் புதியவருக்கு மழை பொய்த்ததும் மாடு செத்ததும் ஒரு பொருட்டல்ல.

இதை அனுபவித்து அறிந்தவர்களுள் ஆபிரகாம் லிங்கனும் ஒருவர். இல்லினாய் மாநிலத்தில் சங்கமன் ஆற்றங்கரையில் இருந்த நியூ சேலம் என்ற சிற்றூருக்கு 1831இல் அவர் வந்தார். மறு ஆண்டு, ரோவன் ஹெர்ன்டன் என்பவர் ஒரு கடையில் தமக்கிருந்த பங்கை லிங்கனுக்கு விற்றார். லிங்கனிடம் பணமில்லை, சீட்டு எழுதிக் கொடுத்தார். இன்னொரு பங்கு வில்லியம் பெர்ரியிடம் இருந்தது. அந்நாளில் ரூபன் ராட்ஃபோர்டு என்பவரின் கடையை ஊர் முரடர்கள் சூறையாடிவிட்டனர். மனமொடிந்த அவர் அதனை வில்லியம் கிரீன் என்ற இளைஞரிடம் 400 டாலருக்குத் தள்ளிவிட்டார். அதுவும் பெரும்பாலும் கடனுக்குத்தான். கிரீன் உடனே பெர்ரிக்கும் லிங்கனுக்கும் 750 டாலர் மதிப்பில் அதை மாற்றிவிட்டார். இது 1833 ஜனவரியில் நடந்தது. சில மாதங்களில் இரண்டு கடைகளின் சரக்கும் இந்த இருவர் கையில். பணமாகக் கைமாறியதோ கொஞ்சமே.

வியாபாரம் படுத்துவிட்டது. கடையை இருவர் கடனுக்கே வாங்கிக்கொண்டனர்; தங்கள் சீட்டுக்குத் தவணை வருமுன் அவர்கள் ஊரைவிட்டே ஓடிவிட்டனர். 1835 ஜனவரியில் பெர்ரி இறந்தார். கூட்டாளிகள் சேர்ந்து பட்ட கடனுக்கு ஒவ்வொருவரும் முழுப் பொறுப்பாளி என்பதால், பெர்ரியின் சுமையும் லிங்கன் தலையில் விழுந்தது. மொத்தம் ஏறத்தாழ 1,100 டாலர் என்று வாழ்க்கை வரலாற்றாசிரியர்கள் கூறுகின்றனர். ஊர் அஞ்சலதிகாரி என்ற முறையில் அவருக்குக் கிடைத்தது ஆண்டுக்குச் சுமார் 55 டாலர்தான். இருபது ஆண்டுச் சம்பளம்! நண்பர்களிடம் இதனைத் 'தேசியக் கடன்' என்று அவர் வேடிக்கையாகச் சொல்வாராம்.

ராட்ஃபோர்டின் சீட்டு இதற்குள் பீட்டர் வான் பெர்கன் என்பவர் கைக்குப் போயிருந்தது. அவர் வழக்குத் தொடுத்து வென்றார். இல்லினாயின் 1818ஆம் ஆண்டு அரசமைப்பின்படி, உடைமைகளை ஒப்படைக்க மறுத்தாலன்றிக் கடனாளியைப் பொதுவாகச் சிறையிலடைக்க முடியாது. ஆனால் உடைமைகளை ஏலம் போடலாம். லிங்கனின் குதிரை, சேணம், கடிவாளம், நில அளவைக் கருவிகள் யாவும் ஏலத்திற்கு வந்தன. அளவையாளராகவும் பிழைத்துக்கொண்டிருந்தவருக்கு இது கையை வெட்டியது போலாகும். கருவிகளைப் பறித்துவிட்டுக் கடனைக் கட்டு என்றால் எப்படிக் கட்டுவது? ஜேம்ஸ் ஷார்ட் என்ற குடியானவர் 120 டாலருக்கு அவற்றை ஏலத்தில் எடுத்து, லிங்கனிடமே திருப்பிக் கொடுத்தார். பல ஆண்டுகள் கழித்து, அதிபரான லிங்கன் அவருக்குக் கலிபோர்னியாவில் ஓர் அரசுப் பதவி தந்தார்.

லிங்கன் ஏன் ஓடவில்லை? ஓடுவது அரிதான செயலன்று. 1837 பொருளாதார நெருக்கடிக்குப் பின் கடனாளிகள் பலர் 'டெக்சாஸுக்குப் போய்விட்டோம்' என்பதன் சுருக்கமாக மூன்று எழுத்துகளைக் கதவில் எழுதிவிட்டுக் கிளம்பினர். இதை லிங்கனின் நேர்மைக்குச் சான்றாக மட்டும் காட்டுவது வழக்கம். எனக்கு அது பாதி விளக்கமாகவே தோன்றுகிறது. 1834இல் அவர் சட்டமன்றத்திற்குத் தேர்வு பெற்றிருந்தார். வழக்கறிஞராக வேண்டும் என்ற எண்ணமும் இருந்தது. கையொப்பம் காசாகப் புழங்கும் நாட்டில் பெயரை இழந்தவரால் இரண்டாம் முறை கடை திறக்க முடியாது, வாக்கும் கேட்க முடியாது. நேர்மையும் கணக்கும் அவரிடம் ஒன்றாகவே இருந்தன என்பேன்.

1837இல் ஸ்பிரிங்ஃபீல்டு நகருக்கு அவர் குடிபெயர்ந்தபோது, படுக்கைச் சாமான்களுக்கு 17 டாலர் இல்லை. அதையும் கடனாகக் கேட்டார். கடைக்காரர் ஜோஷுவா ஸ்பீட் தம் அறையிலேயே இடம் கொடுத்துவிட்டார். வழக்கறிஞராகி அவர் நடத்திய வழக்குகளில் பாதிக்கு மேற்பட்டவை கடன் வழக்குகளே. சில வழக்குகளில் கடன் கொடுத்தவர் பக்கம், சிலவற்றில் வாங்கியவர் பக்கம். 1841ஆம் ஆண்டு நொடிப்புச் சட்டம் கடனாளிகளுக்கு விடுதலை பெற வழி திறந்தது. 1843இல் அது நீக்கப்படும்வரை, லிங்கனும் அவருடைய கூட்டாளி லோகனும் பல கடனாளிகளுக்காக மனுப்போட்டனர். தம் பெயரில் லிங்கன் ஒரு மனுவும் போடவில்லை. பழைய சீட்டுகளை அவர் சிறிது சிறிதாக அடைத்து வந்தார்.