இணையவழிப் படிப்பில் காப்பியும் எழுத்துத் திருட்டும்: தடுப்பது எப்படி?

இணையவழிப் படிப்புகளில் நடக்கும் முறைகேடுகள் பெரும்பாலும் இரண்டு வகைக்குள் அடங்கும். தேர்வின்போது பிறர் உதவியையோ அனுமதியில்லாத குறிப்புகளையோ பயன்படுத்துவது ஒன்று. பேச்சு வழக்கில் இதைக் காப்பி அடிப்பது, பிட் அடிப்பது என்கிறோம். பிறர் எழுதியதை, அவர் பெயரைச் சொல்லாமல், தன் எழுத்தாகக் காட்டுவது மற்றொன்று. இது எழுத்துத் திருட்டு. கருத்துத் திருட்டு என்றும் சொல்வர். ஆள் மாறாட்டம், ஒருவரே இரண்டு கணக்குகள் வைத்துக்கொள்வது, வாட்ஸ்அப் குழுவில் விடைகளைப் பகிர்வது, செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கட்டுரை எழுதி வாங்குவது எல்லாம் இவற்றின் கிளைகளே.

இது இன்று பெரிய விஷயமாகிவிட்டதற்குக் காரணம் உண்டு. இணையவழிச் சான்றிதழ் முன்பெல்லாம் விருப்பத்துக்குப் பெறுவதாக இருந்தது. இப்போது அது பட்டத்தின் ஒரு பகுதி. ஒரு பருவத்தில் நடத்தப்படும் பாடங்களில் 40 சதவீதம் வரை ஸ்வயம் தளத்தில் படித்து அதன் மதிப்பெண் அலகுகளைப் பட்டப்படிப்பில் சேர்த்துக்கொள்ளலாம் எனப் பல்கலைக்கழக மானியக் குழு 2021இல் விதி வகுத்தது. கிராமத்தில் இருந்துகொண்டு ஐ.ஐ.டி. பேராசிரியரிடம் பாடம் கேட்கும் வாய்ப்பு இதனால் கிடைக்கிறது. ஆனால் அந்தச் சான்றிதழை யாரும் நம்பவில்லை என்றால், காப்பி அடித்தவரைவிட அடிக்காதவருக்கே இழப்பு அதிகம். பெரிய கல்லூரியின் பெயர் பின்னால் இல்லாத மாணவருக்கு அந்தத் தாள் ஒன்றுதான் சாட்சி.

உத்திரமேரூர் காட்டும் வழி

முறைகேட்டைத் தடுக்க இரண்டு வழிகள் உள்ளன. தவறு செய்பவரைக் கண்காணித்துப் பிடிப்பது ஒன்று. தவறு செய்ய இடமில்லாதபடி நடைமுறையை அமைப்பது மற்றொன்று. இரண்டாவது வழிக்கு நம்மிடமே பழைய சான்று இருக்கிறது. காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூரில், வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில் உள்ள முதலாம் பராந்தகச் சோழன் காலத்துக் கல்வெட்டுகள் குடவோலைத் தேர்தலைப் பற்றிச் சொல்கின்றன. இதைப் பாடப்புத்தகத்தில் மக்களாட்சிக்கான சான்றாகப் படித்திருப்பீர்கள். முறைகேட்டுத் தடுப்புக் கையேடாகவும் அதைப் படிக்கலாம்.

ஊரின் 30 குடும்புகளிலும் தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதி, குடும்பு வாரியாகக் கட்டி, குடத்தில் இடுவார்கள். சபையோர் சிறியவர் முதல் பெரியவர் வரை கூடியிருக்க வேண்டும். ஊரில் இருக்கும் கோயில் நம்பிமார் அனைவரும் வந்து அமர வேண்டும். அவர்களில் மூத்தவர் ஒருவர் குடத்தை எல்லாரும் காணும்படி உயர்த்திப் பிடிப்பார். உள்ளே இருப்பது என்னவென்று அறியாத சிறுவன் ஒருவன் ஒரு கட்டை எடுப்பான். அதை வேறொரு குடத்தில் இட்டுக் குலுக்குவார்கள். அவனே அதிலிருந்து ஓர் ஓலையை எடுப்பான். அதை வாங்கும் மத்தியஸ்தன் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும். பிறகு உரக்கப் படிக்க வேண்டும். நம்பிமாரும் அதையே படிக்க வேண்டும். விரல் விரிந்த கையில் மாற்று ஓலையை மறைக்க முடியாது. ஒருவர் மாற்றிப் படித்தால் மற்றவர் காட்டிக்கொடுத்துவிடுவார்.

யாரையும் சந்தேகப்பட்டுச் சோதனை போடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கலைத்து எடுத்தல், பல கண்கள் பார்த்தல், வெளிப்படையாகப் படித்தல் ஆகியவை அந்த வேலையைச் செய்தன. 919இல் வகுத்த விதிகளை 921இல் மீண்டும் திருத்தியிருக்கிறார்கள். முதல் ஏற்பாட்டில் ஓட்டைகள் தெரிந்திருக்க வேண்டும். மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். நிலமும் சொந்த மனையில் வீடும் வேதக் கல்வியும் உள்ள 35 முதல் 70 வயதுக்கு உட்பட்ட ஆண்களுக்கே அந்தக் குடத்தில் இடம். நடைமுறை எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும், அது யாரை வாசலிலேயே நிறுத்திவிடுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். இணையத் தேர்வுக்கும் இந்தக் கேள்வி பொருந்தும்.

கேமரா எதைப் பார்க்கிறது?

கொரோனா காலத்தில் நம் பல்கலைக்கழகங்கள் சில முதல் வழியைத்தான் பிடித்தன. அண்ணா பல்கலைக்கழகம் 2020 செப்டம்பரில் இறுதிப் பருவத் தேர்வைக் கொள்குறி வினாக்களாக, ஒரு மணி நேரத் தேர்வாக, கேமரா கண்காணிப்புடன் நடத்தியது. 2021 தொடக்கத்தில் மற்ற பருவங்களுக்கும் இப்படித் தேர்வு நடந்தது. முடிவு வந்தபோது பெரும் எண்ணிக்கையில் மாணவர்கள் தேர்ச்சி பெறவில்லை. பலருடைய முடிவுகள் நிறுத்திவைக்கப்பட்டன. தாங்கள் தவறே செய்யவில்லை என்று பலர் முறையிட்டார்கள். அந்த ஆண்டு மே மாதம் தமிழக அரசு மறுதேர்வை அறிவித்தது. வீட்டில் இருந்தே தாளில் விடை எழுதி, படமெடுத்து ஏற்றும் முறைக்குத் தேர்வு மாறியது.

கண்காணிப்பு மென்பொருள் செய்வது இதுதான்: முகத்தை அடையாள அட்டையோடு ஒப்பிடும், கண் திரையை விட்டு விலகுகிறதா, இன்னொரு முகம் தெரிகிறதா, குரல் கேட்கிறதா என்று பார்க்கும், ஐயம் வந்தால் குறித்து வைக்கும். ஐயத்தையும் குற்றத்தையும் அதனால் பிரித்தறிய முடியாது. தனி அறையும் மடிக்கணினியும் உள்ள வீட்டில் இது ஓரளவு சரியாக வேலை செய்யும். உத்திரமேரூரைச் சுற்றியுள்ள ஒரு கிராமத்தில், ஓரறை வீட்டில், அப்பாவின் கைப்பேசியைச் செம்பில் சாய்த்து வைத்துத் தேர்வு எழுதும் பெண்ணை நினைத்துப் பாருங்கள். பாட்டி குறுக்கே போவார். பக்கத்து வீட்டில் ஒலிபெருக்கி பாடும். சிக்னல் போய்விட்டால் மாடிக்கு ஏற வேண்டும். இயந்திரத்தின் கண்ணுக்கு இவை எல்லாமே குற்றக் குறிகள். உண்மையில் ஏமாற்ற நினைப்பவரோ கேமராவின் பார்வைக்கு வெளியே இன்னொரு கைப்பேசியை வைத்துக்கொள்வார்.

பாடம் வீட்டில், தேர்வு மையத்தில்

சென்னை ஐ.ஐ.டி. பெரும்பங்கு வகிக்கும் என்பிடெல் வேறு வழியைக் கையாள்கிறது. பாடமும் வாரப் பயிற்சிகளும் இணையத்தில் இலவசம். சான்றிதழ் வேண்டுவோர் மட்டும் கட்டணம் கட்டி, நகரத்துத் தேர்வு மையத்துக்கு நேரில் போய் எழுத வேண்டும். பயிற்சிகளுக்கு 25 மதிப்பெண், நேரடித் தேர்வுக்கு 75. பயிற்சியில் 10ம் தேர்வில் 30ம் எடுத்தால்தான் சான்றிதழ். 12 வாரப் பாடத்தில் சிறந்த 8 பயிற்சிகளையே கணக்கில் எடுக்கிறார்கள். உடம்பு சரியில்லாத வாரமும் மின்சாரம் இல்லாத வாரமும் ஒருவரைக் கெடுத்துவிடாது. சென்னை ஐ.ஐ.டி. 2020இல் தொடங்கிய நிரலாக்கம், தரவு அறிவியல் படிப்பிலும் இதே ஏற்பாடுதான்: பாடம் வீட்டில், முக்கியத் தேர்வுகள் மையத்தில்.

வாரப் பயிற்சியின் விடைகளை வாட்ஸ்அப்பில் வாங்கி நிரப்புகிறவர்கள் இருக்கிறார்கள்தான். ஆனால் அதனால் கிடைப்பது 25க்குள் அடங்கும், 75ல் கைவிட்டுவிடும். ஏமாற்றுவதன் லாபத்தையே குறைத்துவிடும் ஏற்பாடு இது. பஸ் செலவும் ஒரு நாள் கூலியும் போகும் என்பதும் உண்மை. தாலுகா தலைநகர்கள்தோறும் மையம் வந்தால் அந்தக் குறையும் நீங்கும்.

விடையை எப்போது வெளியிடுவது என்பதும் முக்கியம். எம்.ஐ.டி., ஹார்வர்டு பல்கலைக்கழகங்களின் இணையப் பாடங்களை ஆராய்ந்தவர்கள் ஒரு தந்திரத்தைக் கண்டார்கள். இரண்டாவது கணக்கு ஒன்றைத் திறந்து, அதில் எதையாவது அழுத்திச் சரியான விடையைத் தெரிந்துகொண்டு, அதை முதல் கணக்கில் பதிவது. ஆராய்ந்ததில் 69 பாடங்களில் இது நடந்திருந்தது. அவற்றில் வழங்கிய சான்றிதழ்களில் 1.3 சதவீதம் இப்படிப் பெற்றவை. பரிகாரம் எளிது: கடைசித் தேதி முடிந்த பிறகு விடையை வெளியிடுவது, ஆளுக்கு ஆள் வினாவையும் எண்களையும் மாற்றுவது. குடத்தைக் குலுக்கி எடுப்பது போலத்தான்.

எழுத்துத் திருட்டு: அறியாமை பாதி

தேர்வில் பிட் அடிப்பவருக்குத் தான் செய்வது தவறு என்று தெரியும். எழுத்துத் திருட்டில் அப்படியில்லை. பள்ளியில் 12 ஆண்டுகள் உரைநூலில் உள்ளதை உள்ளபடி எழுதியதற்கு முழு மதிப்பெண் வாங்கிய மாணவர், கல்லூரிக்கு வந்ததும் அதே பழக்கத்துக்காகக் குற்றவாளி ஆகிறார். இதை யாராவது முன்னதாகச் சொல்லித் தர வேண்டும். தமிழ் மரபுக்கு இது புதிதும் அல்ல. தொல்காப்பியம் முதல்நூல் வேறு, வழிநூல் வேறு என்று பிரித்து, தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்த்தல் என வழிநூலுக்கு நான்கு வகையும் சொல்கிறது. பிறர் நூலை வைத்து எழுதுவது இழிவாகக் கருதப்படவில்லை. மூலத்தை மறைப்பதுதான் தவறு.

ஒரு புத்தகத்தில் இப்படி ஒரு வாக்கியம் இருப்பதாகக் கொள்வோம்: “நீர்ப்பாசனத்துக்கான ஏரியைப் பராமரிக்க உத்திரமேரூர்ச் சபை ஆண்டுதோறும் தனி வாரியம் அமைத்தது.” மாணவர் எழுதுகிறார்: “பாசனத்திற்குரிய ஏரியைப் பேணுவதற்கு உத்திரமேரூர் அவை வருடந்தோறும் தனிக் குழுவை ஏற்படுத்தியது.” சொல்லுக்குச் சொல் மாற்றியிருக்கிறார், வாக்கியம் இன்னும் அந்த ஆசிரியருடையதுதான். புத்தகத்தை மூடி வைத்துவிட்டு எழுதினால் வேறு மாதிரி வரும்: “ஏரிக்கென்றே பொறுப்பாளர்கள் இருந்தார்கள், அதுவும் ஓராண்டுக்கு மட்டும் என்கிறார் இன்னார்.” ஆசிரியர் பெயரும் வந்துவிட்டது, சொல்வதும் மாணவர் குரலில் இருக்கிறது.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிகள் ஆய்வேடுகளுக்கு அளவு வகுத்துள்ளன. 10 சதவீதம் வரை ஒப்புமை இருந்தால் தண்டனை இல்லை. அதற்கு மேல் 40 வரை என்றால் ஆறு மாதத்துக்குள் திருத்தித் தர வேண்டும். 60 வரை என்றால் ஓராண்டுக்குத் திருத்திய ஆய்வேட்டைத் தர முடியாது. அதற்கும் மேல் போனால் பதிவே ரத்து. மூலத்தைச் சொல்லிக் காட்டிய மேற்கோள்களும், பொதுச் செய்தியாகவோ தற்செயலாகவோ தொடர்ந்து 14 சொற்கள் வரை ஒத்துப்போவதும் கணக்கில் வராது.

இந்த விழுக்காட்டை மென்பொருள் தருகிறது. ஆனால் மென்பொருள் கண்டுபிடிப்பது ஒப்புமையை, திருட்டை அல்ல. தமிழில் அதன் பார்வை இன்னும் மங்கல். பழைய கட்டுரைகள் பல பாமினி, டிஸ்கி போன்ற குறியாக்கங்களில் அல்லது வருடிய படங்களாகவே கிடக்கின்றன. அவை யுனிகோடில் தேடினால் சிக்காது. ஆங்கிலக் கட்டுரையை வரிக்கு வரி தமிழாக்கித் தந்தாலும் சொல்லை ஒப்பிடும் மென்பொருளுக்குத் தெரியாது. வழிகாட்டும் ஆசிரியர் படித்துப் பார்ப்பதற்கு மாற்று இல்லை.

செயற்கை நுண்ணறிவு எழுதியதைக் கண்டுபிடிக்கும் கருவிகளை நம்புவது இன்னும் ஆபத்து. சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓபன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரியில் வெளியிட்ட கருவியை, துல்லியம் போதவில்லை என்று ஜூலையில் திரும்பப் பெற்றது. அதே ஆண்டு ஸ்டான்போர்டு ஆய்வாளர்கள், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் டோஃபல் தேர்வுக்கு எழுதிய கட்டுரைகளை ஏழு கருவிகளில் இட்டுப் பார்த்தார்கள். மனிதர் எழுதிய அந்தக் கட்டுரைகளில் சராசரியாகப் பாதிக்கும் மேற்பட்டவை இயந்திரம் எழுதியவை என்று முத்திரை பெற்றன. எளிய சொற்களில், சிறு வாக்கியங்களில் எழுதுவதே காரணம். தமிழ்வழியில் படித்துவிட்டு ஆங்கிலத்தில் எழுதத் தொடங்கும் மாணவரின் நடையும் அதுதான்.

ஆகவே ஆசிரியர் கேள்வியை மாற்றுவதே பயன் தரும். “நீர் மேலாண்மை பற்றி எழுதுக” என்றால் விடை நொடியில் கிடைத்துவிடும். “உங்கள் ஊர் ஏரியின் மதகு எந்த நிலையில் இருக்கிறது, கடந்த ஆண்டு யார் எப்போது திறந்தார்கள் என்று கேட்டு எழுதுக” என்றால் போய்ப் பார்க்காமல் எழுத முடியாது. புள்ளியியல் பாடத்தில் எல்லாருக்கும் ஒரே அட்டவணை தராமல், வீட்டில் இருக்கும் பால் சங்கச் சீட்டுகளில் இருந்து ஒரு மாதக் கணக்கை எடுக்கச் சொல்லலாம். கட்டுரை தந்த மாணவரோடு தொலைபேசியில் ஐந்து நிமிடம் பேசினால், எழுதியவர் அவர்தானா என்பது தெரிந்துவிடும். அறுபது பேர் உள்ள வகுப்பில் எல்லாரிடமும் பேச முடியாது. சீட்டுக் குலுக்கிப் பத்துப் பேரைக் கூப்பிடலாம், அதுவும் மற்ற மாணவர் முன்னிலையில்.

ஐயம் எழுந்தால் மாணவர் தன் பக்கத்தைச் சொல்ல நாளும் ஆளும் குறித்திருக்க வேண்டும். கருவி தந்த எண்ணை மட்டும் வைத்து யாருடைய முடிவையும் நிறுத்தக் கூடாது. மாணவர்களும் ஒன்று செய்யலாம்: குறிப்பேட்டையும் முதல் வரைவையும் தூக்கி எறியாமல் வையுங்கள். கைப்பேசியில் கூகுள் டாக்ஸில் எழுதினால், எந்த நாளில் எந்தப் பத்தி எப்படி மாறியது என்ற வரலாற்றை அது தானே சேமித்து வைக்கும்.