பல்லுக்கு எக்ஸ்ரே: பயம் வேண்டாம்!

வளைகாப்பு முடிந்து மகளைக் காரைக்குடிக்கு அழைத்து வந்த மூன்றாம் நாளே அவளுக்குக் கடைவாய்ப் பல்லில் வலி. "பிள்ளைத்தாச்சிக்கு எக்ஸ்ரேயா? வேண்டவே வேண்டாம்!" என்று தடுத்தவள் நான்தான். கிராம்புத் தைலத்தை வைத்தே பத்து நாள் ஓட்டினேன். கன்னம் வீங்கி, காய்ச்சலும் வந்த பிறகுதான் பல் டாக்டரிடம் ஓடினோம்.

டாக்டரம்மா கடிந்துகொள்ளவில்லை. "எக்ஸ்ரேயைவிட இந்தச் சீழும் காய்ச்சலும்தாம்மா தாய்க்கும் குழந்தைக்கும் கெடுதல்" என்றார்.

ஒரு பல்லுக்கு எடுக்கும் டிஜிட்டல் படத்தில் உடம்பில் சேரும் கதிர் சுமார் 0.005 மில்லிசீவர்ட். மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் இயற்கையாகவே நாம் ஆண்டுக்குச் சராசரி 2.4 மில்லிசீவர்ட் பெறுகிறோம். அந்தக் கணக்கில் இது ஒரு நாள் அளவுகூட இல்லை! பிலிமுக்குப் பதிலாக வாயில் வைக்கும் சின்ன சென்ஸாருக்குக் குறைந்த கதிரே போதும். கதிரைப் பல்லின்மேல் மட்டும் சரியாகக் குவித்தால் ஈய அங்கிகூட அவசியமில்லை என்று அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 2024இல் சொல்லிவிட்டது.

அதற்காகப் போகிறபோதெல்லாம் எடுத்துக்கொள்ளலாமா? கூடாது. கர்ப்பமாக இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். 'இந்தப் படம் எதற்கு?' என்று கேளுங்கள். பழைய படம் இருந்தால் கையோடு கொண்டுபோங்கள். கருவிக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அனுமதி இருக்கிறதா என்று கேட்பதிலும் தவறில்லை.

மருந்தும் வேர் சிகிச்சையுமாக வலி அடங்கியது. "ஆத்தா, வெள்ளைப் பணியாரம் ஊத்தித் தாங்களேன்" என்றாள் மகள். பத்து நாள் அவளைப் பட்டினி போட்டவள் நான்தானே! உடனே அரிசி ஊறப் போட்டேன்.