நண்பர் காட்டிய நூல்

நூல் விருப்பம் உடையோர் இருவர் சந்தித்தால், என்ன படித்திருக்கிறீர்கள் என்ற வினா எழாமல் இராது. 1880இல் கும்பகோணத்தில் எழுந்த அவ்வினாவை மறத்தல் அரிது. அங்கு முன்சீபாக வந்த சேலம் இராமசுவாமி முதலியார், கல்லூரித் தமிழாசிரியரான உ.வே.சா.விடம் அதனைக் கேட்டார். இருபத்தைந்து வயதினரான உ.வே.சா. அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை எனத் தாம் கற்றவற்றை நெடிது அடுக்கினார். முதலியார் வியக்கவில்லை. சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்றார். இல்லை.

முதலியார் தாம் கற்றுத் தெளிந்த நூலைப் பிறர்க்குப் பரிந்துரைத்தவர் அல்லர். அதனை உடனிருந்து படிக்கத் துணை தேடியவர். தம்மிடமிருந்த படியைத் தந்து, பாடமும் கேட்டார். நம் மாணவரோ நூற்பரிந்துரையை 'மிக நன்று, அனைவரும் படிக்கலாம்' என்று முடித்துவிடுகின்றனர். இவ்விடம் எனக்கு விளங்கவில்லை, நீயும் படித்துப்பார் என்றெழுதினால் மதிப்பெண் குறையும் என அஞ்சுகிறார்கள் போலும். அவ்வச்சத்தை ஊட்டியவர் ஆசிரியராகிய நாமே.

உ.வே.சா.வுக்கும் பல இடங்கள் விளங்கவில்லை. சமண நூல் என்றறிந்ததும், அவ்வூர்ச் சமணரை நாடி ஐயம் தீர்த்துக்கொண்டார். பல சுவடிகளை ஒப்புநோக்கி, ஏழாண்டுகள் கழித்து, 1887இல் அந்நூலைப் பதிப்பித்தார்.