100 வாட்ஸ் ஆம்ப்ளிஃபையர் வாங்கப் போறீங்களா? முதல்ல இந்த கணக்கை போடுங்க!

போனஸ் வந்ததும் நிறைய பேர் வாங்குற பொருள், சின்ன கிளாஸ் டி ஆம்ப்ளிஃபையர். கீழ்பென்னாத்தூர்ல உட்கார்ந்து ஆன்லைன்ல ஆர்டர் போட்டாலும் சரி, சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கே போய் போர்டு வாங்கினாலும் சரி, கணக்கு ஒண்ணுதான்.

இதுல டிரான்சிஸ்டர் சுவிட்ச் மாதிரி முழுசா ஆன், ஆஃப் ஆகுது. அதனால சூடு குறைவு. முழு பவர்ல சுமார் 90% மின்சாரம் ஸ்பீக்கருக்கே போகும். பெரிய ஹீட் சிங்க் தேவையில்லை, விலையும் குறையுது.

1. வரவைப் பாருங்க
டப்பாவுல "100+100 வாட்ஸ்"னு போட்டிருக்கும். கூட வர்ற அடாப்டர் 24 வோல்ட், 3 ஆம்பியர். பெருக்கினா 72 வாட்ஸ். 72 வரவுல 200 செலவு தொடர்ந்து ஓடுமா?

2. வோல்டேஜ்தான் சம்பளம்
வோல்டேஜை அதே வோல்டேஜால பெருக்கி, ஸ்பீக்கர் ஓம்ஸின் இரண்டு மடங்கால வகுங்க. ஒரு சேனலுக்கு சத்தம் உடையாம கிடைக்கிற உச்சம் ஏறக்குறைய அவ்வளவுதான். 8 ஓம்ஸ் ஸ்பீக்கருக்கு 12 வோல்ட்ல 9 வாட்ஸ். 24 வோல்ட்ல 36 வாட்ஸ். ஆனா சிப்போட எல்லையைத் தாண்டாதீங்க. பிரபலமான டிபிஏ3116 சிப்புக்கு உச்சவரம்பு 26 வோல்ட்.

3. பட்ஜெட்டுல முதல் பங்கு ஸ்பீக்கருக்கு
வாட்ஸை இரட்டிப்பாக்கினா கூடுறது வெறும் 3 டெசிபல். 87 டெசிபல் சென்சிட்டிவிட்டி ஸ்பீக்கருக்குப் பதிலா 90 டெசிபல் ஸ்பீக்கர் வாங்கினா, பாதி பவர்லயே அதே சத்தம் கிடைக்கும்.

4. மைனஸ் வயர்களை சேர்க்காதீங்க
இந்த போர்டுகள்ல பெரும்பாலும் பிரிட்ஜ் அவுட்புட். ரெண்டு ஸ்பீக்கரோட மைனஸையும் ஒண்ணா முறுக்கினாலோ, கிரவுண்டுல கொடுத்தாலோ சிப் போயிடலாம். போட்ட காசும் அதோட போச்சு.

5. "உஸ்"னு இரைச்சலா?
போன் வால்யூமை கிட்டத்தட்ட முழுசா வெச்சு, ஆம்ப்ளிஃபையர் வால்யூமைக் குறைங்க.

கடைசியா பில். இதுக்கு ஜிஎஸ்டி 18%. சம்பளக்காரங்க நமக்கு இன்புட் கிரெடிட் கிடையாது. அதுக்காக பில் இல்லாம வாங்கினா, வாரண்டி கேட்க ஆதாரம் இருக்காது. கிரெடிட் கார்டுல "நோ காஸ்ட் இஎம்ஐ" போட்டாலும், வட்டிப் பகுதிக்கு ஜிஎஸ்டி, பிராசஸிங் கட்டணம்னு தனியா வரலாம். அதையும் விலையோட கூட்டிப் பாருங்க.

டப்பா மேல இருக்கிற நம்பரை விட்டுட்டு, அடாப்டர் மேல இருக்கிற நம்பரைப் படிங்க.