பூட்டில் நேரும் பழுது

பொற்கொல்லர் தமக்குள் பொன்னைப் 'பறி' என்று வழங்குவர். யானைப்பாகர் ஆடையைக் 'காரை' என்பர். ஒரு கூட்டத்தார் பிறர் அறியாவண்ணம் வழங்கும் இத்தகைய சொற்களைக் குழூஉக்குறி என இலக்கண வகுப்பில் கற்றிருக்கின்றீர்கள். குழூஉக்குறிக்கு ஒரு குறை உண்டு. 'பறி' என்பதன் பொருளை அயலான் ஒருவன் அறிந்துகொண்டால் மறைவு அன்றோடு ஒழிந்தது. இக்காலக் கணிப்பொறிகள் கையாளும் மறையாக்கத்திற்கு இக்குறை இல்லை. செய்தியை உருமாற்றும் முறையை யாவரும் அறியலாம். நூலாக அச்சிட்டு விற்கவும் செய்யலாம். மறைவாக இருக்க வேண்டுவது திறவுகோல் ஒன்றே. அத்திறவுகோலும் இரும்பினால் ஆயதன்று. மிக நீண்ட ஓர் எண்.

சென்னைக்குத் தெற்கே, பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை அடுத்துள்ளது பெருங்குடி. அங்கே ராஜீவ் காந்தி சாலையை ஒட்டி மென்பொருள் அலுவலகங்கள் பல எழுந்துள்ளன. கொள்ளைநோயை முன்னிட்டு 2020 மார்ச்சு 25-ஆம் நாள் நாடெங்கும் ஊரடங்கு தொடங்கியபோது, அவ்வலுவலகங்களின் ஊழியர் வீட்டிலிருந்தே பணிசெய்ய நேர்ந்தது. வீட்டிற்கும் அலுவலகத்திற்கும் இடையே உள்ளது யாவரும் நடமாடும் பொது இணையவழி. அதனூடே பிறர் பார்க்க இயலாத ஒரு சுரங்கவழியை மறையாக்கத்தால் அமைத்துத் தருவன சில மென்பொருள்கள். அவற்றுள் 'வயர்கார்டு' என்பது, அதே வாரத்தில், மார்ச்சு 29-ஆம் நாள் வெளிவந்த லினக்ஸ் 5.6-ஆம் பதிப்பின் கருவிலேயே சேர்க்கப்பட்டது.

லினக்ஸ் என்பது பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் தொடங்கிய இயங்குதளம். அதன் மூலநிரல் யாவர்க்கும் திறந்திருக்கும். எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறர்க்கு வழங்கலாம். அதன் வகைகளுள் ஒன்று டெபியன். டெபியனை அடித்தளமாகக் கொண்டு சி-டாக் என்னும் நடுவணரசு நிறுவனத்தின் சென்னை மையத்தார் உருவாக்கியதே 'பாஸ்' என்னும் இயங்குதளம். அம்மையம் இருப்பது பெருங்குடிக்கு அண்மையிலுள்ள தரமணியில். 2011-இல் தமிழ்நாட்டரசு மாணவர்க்கு வழங்கத் தொடங்கிய மடிக்கணிப்பொறிகளில் பாஸும் இடம்பெற்றிருந்தது.

இனி, சுரங்கவழி திறவாதொழியின் பழுதை எங்ஙனம் தேடுவது? வயர்கார்டு தவறான திறவுகோலுடன் வருவோர்க்கு மறுமொழியே கூறாது. ஆதலின் கம்பி அறுந்தாலும் மௌனமே. திறவுகோலில் ஓர் எழுத்துப் பிழைத்தாலும் மௌனமே. இரு முனையும் கடைசியாகக் கைகுலுக்கிய நேரம் யாதென அம்மென்பொருளையே வினவி அறிதல் வேண்டும். சான்றிதழ் கொண்டு அடையாளம் காணும் மென்பொருள்களில் கடிகாரமும் வழக்குத் தொடுக்கும். கணிப்பொறியினுள் உள்ள சிறு மின்கலம் தீர்ந்து அதன் கடிகாரம் பல்லாண்டு பின்னிட்டால், நேற்று வழங்கிய சான்றிதழ் இன்னும் நடைமுறைக்கு வரவில்லை எனத் தள்ளப்படும். வேறொரு வகை, புதியவரைப் பெரிதும் மயக்குவது. சுரங்கவழி திறக்கும், சிறு செய்திகள் செல்லும், பெரிய கோப்பு மட்டும் நடுவழியில் நின்றுவிடும். காரணம் எளிது. இணையவழியில் ஒரு பொதி பெரும்பாலும் 1500 பைட்டு அளவிற்கு உட்பட்டிருத்தல் வேண்டும். மறையாக்கம் ஒவ்வொரு பொதியையும் மற்றோர் உறையினுள் இடுகின்றது. ஏற்கெனவே நிறைந்த பொதி உறையோடு சேர்ந்து அளவு மிகும்போது, வழியிலுள்ள சில கருவிகள் அதனை ஒன்றும் சொல்லாமலே எறிந்துவிடும். உட்பொதியின் அளவை 1420 அல்லது அதனினும் குறைவாக வைத்தால் கோப்பு செல்லும்.

தொலைவிலுள்ள கணிப்பொறியுள் நுழைவதற்கான 'எஸ்.எஸ்.எச்.' என்னும் மென்பொருளை 1995-இல் டாட்டு இலோனன் இயற்றினார். திறவுகோல் அடங்கிய கோப்பைப் பிறரும் படிக்கக்கூடும் என்னும் நிலை இருந்தால், அஃது எச்சரித்து அத்திறவுகோலை ஏற்க மறுக்கும். மறுப்பைக் கண்டு சினந்து, எல்லாக் கோப்புகளையும் எல்லார்க்கும் திறந்துவிடுவோர் உளர். நாய் குரைக்கின்றது என்று நாயை விரட்டுவதற்கும் இதற்கும் வேறுபாடு காணேன்.

இதுகாறும் கூறியவை நின்றுபோகும் பழுதுகள். நில்லாத பழுதே கொடிது. நீர் இறைக்கும் பொறி பழுதுற்றால் நீர் வாராது, உடனே அறிவோம். பூட்டு அங்ஙனம் அன்று. உள்ளே பழுதுற்ற பூட்டும் வழக்கம்போல் பூட்டிக்கொள்ளும், திறந்துகொள்ளும். 2006-ஆம் ஆண்டு டெபியனில் இதுவே நிகழ்ந்தது. பிழைகாணும் கருவியாகிய 'வால்கிரிண்டு', மறையாக்க நிரல் தொகுதி ஒன்றில் இரண்டு வரிகளைக் குறித்து ஓயாது முறையிட்டது. பொறுப்பாளர் அசட்டையானவர் அல்லர். மூலநிரலாரின் மடற்குழுவில் வினவிய பின்னரே அவ்வரிகளை நீக்கினார். முறையீடு ஓய்ந்தது. ஆனால் திறவுகோலாகும் எண்ணைக் குறிப்பிட முடியாதபடி கலக்குவதற்குரிய பொருளெல்லாம் உட்புகுந்தது அவ்வரிகளின் வழியேதான். எஞ்சியது, கணிப்பொறி ஒவ்வொரு வேலைக்கும் இடும் வரிசையெண் மட்டுமே. அதன் பயனாக ஒவ்வொரு வகையிலும் அளவிலும் பிறக்கக்கூடிய திறவுகோல்கள் ஏறத்தாழ 32,768-ஆகச் சுருங்கின. அத்தனையையும் முன்கூட்டியே செய்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் போட்டுப்பார்ப்பது ஒரு கணிப்பொறிக்குச் சிறு வேலை. ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் எவரும் ஐயுறவில்லை. லூசியானோ பெல்லோ என்பவர் கண்டறிய, 2008 மே 13-ஆம் நாள் செய்தி வெளியிடப்பட்டது. நிரலைத் திருத்தியதால் மட்டும் தீரவில்லை. அக்காலத்தில் அங்குச் செய்த திறவுகோல்களை எல்லாம் எறிந்துவிட்டுப் புதியன செய்ய வேண்டியதாயிற்று.

மற்றொரு நிகழ்ச்சி 2024-இல். ஆண்ட்ரெஸ் பிராய்ண்ட் என்னும் பொறியாளர், தரவுத்தள மென்பொருள் ஒன்றின் விரைவை டெபியனின் நிலைபெறாத பதிப்பில் அளந்துகொண்டிருந்தார். எஸ்.எஸ்.எச். நுழைவு எதிர்பார்த்ததற்கு மேல் கணிப்பொறியின் உழைப்பைத் தின்பதைக் கண்டார். 0.3 நொடியில் முடிய வேண்டிய நுழைவுக்கு 0.8 நொடி ஆயிற்று. அரை நொடியை யார் பொருட்படுத்துவர்? அவர் பொருட்படுத்தினார். சில வாரங்களுக்கு முன் வால்கிரிண்டு வேறோரிடத்தில் காரணமின்றி முறையிட்டதும் அவர்க்கு நினைவு வந்தது. இரண்டையும் பற்றிக்கொண்டு தேடியபோது, 'எக்ஸ்.இசட்.' என்னும் கோப்புச் சுருக்க மென்பொருளின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் ஒரு கள்ளவழி புதைந்திருப்பது புலப்பட்டது. தனித் திறவுகோல் ஒன்று உடையவன் எவர் கணிப்பொறியுள்ளும் புகலாம் என்பதே அதன் கருத்து. 'ஜியா டான்' என்ற பெயரில் ஒருவர் ஆண்டுக்கணக்கில் நற்பணி செய்து, நம்பிக்கை பெற்று, பொறுப்பாளராகிப் பின்னரே அதனை வைத்திருந்தார். அக்கள்ளத்தை இயக்கிவிடும் வரிகள் யாவரும் நோக்கும் மூலநிரற் களஞ்சியத்தில் இல்லை; கட்டி வெளியிட்ட தொகுப்பில் மட்டுமே இருந்தன. திறந்திருத்தல் வேறு, திறந்ததைப் படித்தல் வேறு. பிராய்ண்ட் மார்ச்சு 29-ஆம் நாள் தாம் கண்டதை வெளியிட்டார். டெபியனின் நிலைபெற்ற பதிப்பை அக்கள்ளவழி அப்போது சென்றடைந்திருக்கவில்லை.